இருநூறு ஆம்ப்பும் இரண்டாவது பத்திரிகையும்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று காலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டு இரும்புக் கேட் தானாக விழுந்தது.

யாரும் தொடவில்லை. காற்றுகூட இல்லை. இடது பக்கக் கதவு கீல் பிய்ந்து மல்லாந்துவிட்டது. "வெல்டிங் லட்சணம் அப்படி" என்று என் வீட்டுக்காரி மயிலாத்தாளிடம் சொன்னேன். அவள் கேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொட்டகையில் நின்ற டிராக்டரையும் பார்த்தாள். டிராக்டரை எதற்குப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

உரக்கடையில் கொடுத்த இந்த டைரியில் நான் வழக்கமாக எழுதுவது தண்ணீர் முறையும் மருந்தடித்த தேதியும்தான். ஆனால் இன்று எழுதியே ஆக வேண்டும். அந்தக் கேட்டைச் செய்தவன் சென்னியப்பன், மயிலாத்தாளின் தம்பி. ஊரில் இருப்பது ஒரே வெல்டிங் பட்டறை, அதுவும் அவனுடையது. மூன்று வருடம் முன்னால் புதுமனைப் புகுவிழாவில் பந்தி விசாரித்துக்கொண்டு போன நான், அவன் இலைக்கு முன்னால் நின்று, "ஏன் மாப்ளை, கேட்டு வெல்டிங் பூராவும் காக்கா எச்சம் போட்டாப்புல இருக்குது?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். பந்தியே சிரித்தது. பந்தி சிரித்தால் அதற்கு நானா பொறுப்பு? அவன் சோறு போட்ட இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனான். அதற்கப்புறம் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நானும் அவன் பட்டறையை மிதிக்கவில்லை.

இப்போது கேட்டை ஒட்ட வைக்க அவனிடம் போய் நிற்பேனா? நான் நாச்சிமுத்து. சொந்தமாக ஒரு வெல்டிங் மிஷின் வாங்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எங்கள் மகள் தாரணியின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்தது. முகூர்த்தம் ஆவணி 27. நன்றாக அடித்திருக்கிறார்கள். என் பெயருக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்துப் போட்டிருக்கலாம்.

எங்கள் குடும்பத்தில் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. இரண்டாவது பெண்ணின் தாய்மாமனுக்கு. பெற்றவர்கள் தட்டெடுத்து நேரில் போய் வைக்க வேண்டும். அது போன பிறகுதான் மற்ற ஊருக்கெல்லாம் போகும். மயிலாத்தாள் ஒரு பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, 'சென்னியப்பன்' என்று எழுதி, நான் தினமும் பார்க்கிற மாதிரி டிவிக்கு மேலே சாய்த்து வைத்துவிட்டாள்.

"ஆடி முடியட்டும்" என்றேன். ஆடி மாதத்தைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும்.

"ஆவணி ஒண்ணு பதினேழாந்தேதி வருதுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 7, புதன்

கோபி டவுனுக்குப் போனேன். கடையில் இரண்டு ஜாதி மிஷின் வைத்திருக்கிறார்கள். ஒன்று பழைய மாதிரி டிரான்ஸ்பார்மர், சக்கரம் வைத்தது, நாலு ஆள் சேர்ந்தால்தான் வண்டியில் ஏற்ற முடியும். இன்னொன்று இன்வெர்ட்டர், தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், பள்ளிக்கூடப் பை மாதிரி இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மிஷின் என்றால் கனம் வேண்டாமா?

"இருக்கறதுலயே பெருசு எது? நானூறு ஆம்ப்பு இருந்தா எடுங்க" என்றேன்.

கடைக்காரர் பொறுமையான மனுசன். "என்னங்க பண்ணப் போறீங்க?"

"வூட்டு கேட்டுக்குக் கீல் வெக்கோணும்."

"நான் ரயில்வே பாலமாக்கும்னு நெனச்சேனுங்க" என்றார். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். நான் விலை கேட்காமலே வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னால் மயிலாத்தாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்கிறாள்: "உள்ள சுத்தியிருக்கறது காப்பரா அலுமினியமான்னு கேட்டீங்களா? பத்து நிமிசத்துல எத்தனை நிமிசம் விடாம ஓட்டலாமுன்னு கேட்டீங்களா? அதுக்கு ட்யூட்டி சைக்கிள்னு பேராம். மலிவு மிஷின் ரெண்டு வெல்டிங் ராடு எரியறதுக்குள்ள சூடேறி நின்னுபோகுமாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருடமாக இட்லிக்கு அரிசி ஊற வைக்கிறவளுக்கு ட்யூட்டி சைக்கிள் எப்படித் தெரியும்?

"யூடியூப்புல பாத்தேனுங்க" என்றாள்.

அவளிடம் இருப்பது பட்டன் போன். அதிலும் யூடியூப் வரும் போலிருக்கிறது. காலம் எவ்வளவு முன்னேறிவிட்டது!

ஆகஸ்ட் 8, வியாழன்

ராத்திரி முழுக்க யோசித்து ஒரு அருமையான திட்டம் போட்டிருந்தேன். பெரிய டிரான்ஸ்பார்மர் மிஷினையே வாங்குவது. மூன்று பேஸ் கரண்ட் வேண்டுமா? கிணற்று மோட்டாருக்கு வருகிறதே, அதில் மாட்டிவிட்டால் போயிற்று.

மயிலாத்தாள் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள். "அது பாசனத்துக்குன்னு குடுத்த இலவசக் கரண்டுங்க. அதுல வெல்டிங் அடிச்சு ஆராவது பாத்தா சர்வீசையே புடுங்கிப்போடுவாங்க. மஞ்சக் காடு காஞ்சுபோகும். வூட்டுக் கரண்டுல ஓடறதா வாங்குங்க."

"வூட்டுக் கரண்டுல மிக்சியே மொனகுது!"

"அதுதானுங்க சொல்றேன். நம்ம வூடு லைன் கடைசியில இருக்குது, வோல்ட்டேஜ் எப்பவும் கம்மி. கம்மி வோல்ட்டேஜ்லயும் நிக்காத ஓடற இன்வெர்ட்டரா கேளுங்க. இருநூறு ஆம்ப்பு போதும். கேட்டுக்குப் பத்தாம் நம்பர் ராடு, தகடு கிகடுன்னா பன்னெண்டாம் நம்பரு."

"இதெல்லாம் யூடியூப்பா?"

"ஆமாங்க. நேத்து பொழுதோட பாத்தேன்."

நேற்றுச் சாயங்காலம் அவள் கொல்லையில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். யாரோடு என்று நான் கேட்கவில்லை. அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

வாங்கிவிட்டேன். இன்வெர்ட்டர், இருநூறு ஆம்ப். "ஆடியில புது மிஷினுங்களா?" என்று மயிலாத்தாள் ஒரு வார்த்தை முனகினாள். இரும்புக்கு ஏது ஆடி? தள்ளுபடியில் ஒரு கம்பி பிரஷும் கொடுத்தார்கள்.

கடைக்காரரிடம் நான் ட்யூட்டி சைக்கிள் கேட்டேன், வோல்ட்டேஜ் எவ்வளவு குறைந்தால் தாங்கும் என்று கேட்டேன், கேபிள் எத்தனை மீட்டர் என்று கேட்டேன். மனுசன் எழுந்து நின்று எனக்கு டீ சொன்னார். "இத்தனை வெவரமாக் கேக்கறவங்க வர்றதில்லீங்க" என்றார். நான் அடக்கமாக இருந்துகொண்டேன்.

தலையில் மாட்டுகிற முகமூடி ஒன்றும் காட்டினார். ராடு பொறி விட்ட நொடியில் கண்ணாடி தானாகக் கறுத்துவிடுமாம். முகமூடி மாட்டிக்கொண்டு நான் என்ன கன்னம் வைக்கவா போகிறேன்? வேண்டாம் என்றேன். எனக்குக் கண் ஆபரேஷன் செய்தபோது கொடுத்த கறுப்புக் கண்ணாடி வீட்டில் சும்மாதான் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மயிலாத்தாள் கேட்ட முதல் கேள்வி அதுதான். "மொகமூடி எங்கீங்க? அத மொதல்ல வாங்கச் சொல்லித் தம்... யூடியூப்புல சொன்னாங்களே!"

இருமல் வந்த மாதிரி உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கோயமுத்தூரிலிருந்து தாரணி வந்திருந்தாள். மிஷினைப் பார்த்து, "அழகா இருக்குதுப்பா" என்றாள். வளர்ப்பு சரியாக இருந்தால் பிள்ளைகள் இப்படித்தான் பேசும்.

சாப்பிடும்போது டிவிக்கு மேலே பார்த்தாள். அந்தப் பத்திரிகை அங்கேயே இருந்தது.

"மாமா வருவாருல்லப்பா?"

"ஆடி முடியட்டும் கண்ணு."

"எனக்கு சைக்கிள் பழக்குனது மாமா. காலேஜுக்கு பீஸ் கட்டப் போனன்னிக்கு நீங்க கரும்பு வெட்டுல இருந்தீங்க, என்னக் கூட்டிட்டுப் போனது மாமா. அவுரு வந்து நிக்காத, எனக்கு மணவறையில உக்கார முடியாதுப்பா."

சத்தம் போடவில்லை, அழவில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பயிற்சி. பழைய போர்வெல் பைப் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

ராடை வைத்தேன். ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், பைப்பும் சேர்ந்து வந்தது. உதறினேன், வரவில்லை. ராடு முழுக்கச் சிவந்து கனகனவென்று ஆகிவிட்டது. "ஐயோ மயிலு!" என்று கத்தினேன். அவள் சமையலறையிலிருந்தே, "ஹோல்டரை அமுக்கி ராடை வுட்டுப்போடுங்க!" என்று கத்தினாள். விட்டேன். அதே நேரம் உள்ளே மிக்சி நின்றது, தேங்காய் பாதியில் நின்றது, அதற்கும் நான் திட்டு வாங்கினேன்.

பதினோரு ராடு தீர்ந்தது. கடைசியில் பைப் மேல் ஒரு வரி விழுந்தது. வரி என்றால் வரி இல்லை. அங்கே ஒரு சொட்டு, இங்கே ஒரு கட்டி, நடுவில் ஒரு ஓட்டை. எதைப் போல இருக்கிறது என்று நான் எழுத மாட்டேன்.

மயிலாத்தாள் வந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ராடு எவ்வளவு தடிமனோ, இரும்புக்கும் அதுக்கும் அவ்வளவுதான் எடவெளி இருக்கோணுங்களாம். அவசரப்படாத, கோழிக்குப் பின்னால நடக்கற மாதிரி கைய இழுக்கோணுங்களாம்."

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், எனக்கு நேரெதிரே சென்னியப்பன் நின்றான், இருவரும் கொடியை மட்டும் பார்த்தோம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இன்று ஆடி கடைசி வெள்ளி. மயிலாத்தாள் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் தனியாக இருந்தேன்.

கீலைச் சுத்தம் செய்யலாம் என்று கேட்டைப் புரட்டிப் போட்டேன். கம்பி பிரஷால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க எனக்குக் கை ஓடவில்லை.

வெல்டிங் விடவில்லை. கீலைச் சுற்றிச் சென்னியப்பன் போட்ட வரி அப்படியே முழுசாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இரும்புப் பட்டைதான் கிழிந்திருக்கிறது, துணி கிழிகிற மாதிரி. கனத்த பட்டை அது. பட்டையே கிழிந்தும் அவன் வைத்த ஒட்டு விடவில்லை என்றால் அந்த ஒட்டு எப்படிப்பட்டது? பதினோரு ராடை எரித்தவன் நான், எனக்கு இப்போது தெரியும். மேலே பார்க்கக் கொஞ்சம் கரடுமுரடுதான். மழையும் வெயிலுமாக மூன்று வருடம், ஒரு மயிரிழை விரிசல் இல்லை.

இன்னொரு விஷயமும் எழுதிவிடுகிறேன். 4ஆம் தேதி காலையில் டிராக்டரை ரிவர்ஸ் எடுத்தபோது ட்ரெய்லர் கேட்டில் லேசாக உரசியது. முக்கியமில்லை என்று எழுதாமல் விட்டிருந்தேன். லேசாக என்றால், கேட் விழுகிற அளவுக்கு.

அன்றைக்குப் பந்தியில் நான் சொன்னது தப்பு. ஒருத்தன் இருபது நாள் தீயில் நின்று செய்து கொடுத்ததைப் பார்த்து, அவன் சோற்றில் கை வைத்திருக்கும்போது, ஊரைக் கூட்டிச் சிரிக்க வைத்தேன். இதை டைரியில் எழுத முடிகிறது. வாயில்தான் வரமாட்டேன் என்கிறது.

நாளை ஆவணி பிறக்கிறது. டிவிக்கு மேலே அந்தப் பத்திரிகை இருக்கிறது.

ஆகஸ்ட் 17, சனி

கீலை வைத்துவிட்டேன்! கேட் நிற்கிறது!

காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடித்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டால் ராடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, கழற்றினால் நன்றாகத் தெரிகிறது. அதனால் பாதி நேரம் கழற்றிவிட்டுத்தான் அடித்தேன். வேலை முடிந்து திறந்து மூடிப் பார்த்தேன், கிரீச் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பத்திரிகை வைக்க நாளைக்குப் போகலாம் என்று மயிலாத்தாளிடம் சொன்னேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. மற்ற ஊர்களையெல்லாம் ஒரு பட்டியல் போட்டேன், அந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை.

கண் கொஞ்சம் உறுத்துகிறது. புகையாக இருக்கும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. எழுதுவது மயிலாத்தாள்

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவருக்குக் கண் இரண்டிலும் துணி கட்டியிருக்கிறது. நேற்றுப் பொழுது சாய்ந்ததும் கண்ணில் மணலைக் கொட்டிய மாதிரி எரிகிறது என்று ஆரம்பித்தார். விடிந்ததும் கோபிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெல்டிங் வெளிச்சம் பட்டதுதானாம், சொட்டு மருந்து கொடுத்தார்கள், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். "கண்ணாடி இல்லாத ஆருங்க அடிக்கச் சொன்னது?" என்று கேட்டார். இவர் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடத்தில் இப்போதுதான் முதல் தடவை.

"மிஷின்ல கோளாறு, ஆளுல இல்லைன்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

"கேட்டு நல்லா நிக்குதுன்னு எழுது" என்கிறார். நிற்கிறது. நாய் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது தூங்கிவிட்டார். இந்த டைரியில் மருந்தடித்த தேதி மட்டும்தான் இருக்கும் என்று நம்பியிருந்தவள், சும்மா நாலு பக்கம் பின்னால் புரட்டினேன்.

பட்டன் போனில் யூடியூப் வராது. அது இவருக்கும் தெரியும். தெரிந்தே எழுதியிருக்கிறார், திருடர்.

16ஆம் தேதிப் பக்கத்தைப் படித்துவிட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, கொல்லைக்குப் போய் யூடியூப்புக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்துக் காட்டினேன். யூடியூப் மூக்கை உறிஞ்சியது. அப்புறம், "மச்சானுக்குக் கண்ணு எப்படிக்கா இருக்குது?" என்று கேட்டது.

"நீயே வந்து பாரேன் தம்பி" என்றேன்.

"நானா வர மாட்டேங்க்கா. அவுரு தட்டோட வரட்டும். வாயில ஒண்ணும் சொல்ல வேண்டாம், வந்தாப் போதும்."

இதைக் கண் திறந்ததும் இவர் படிப்பார். படிக்கட்டும்.

ஆகஸ்ட் 21, புதன்

கண் தெரிகிறது. முதலில் பார்த்தது இந்தப் பக்கத்தைத்தான். அடுத்தவர் டைரியைப் படிப்பது எவ்வளவு பெரிய தப்பு! சத்தம் போடலாம் என்று வாயைத் திறந்தேன். மயிலாத்தாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் அடுக்கி வைத்து, பத்திரிகையை மேலே வைத்துக்கொண்டு நின்றாள். நான் வாயை மூடிக்கொண்டு வேட்டி மாற்றப் போனேன்.

அவள் செருப்புப் போடப் போன சமயத்தில் நான் தட்டில் ஒரு சாமான் சேர்த்தேன். பழத்துக்கு அடியில் வைத்துத் துண்டால் மூடினேன்.

பட்டறையில் சென்னியப்பன் ஒரு ஏர்க்கலப்பைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். முகமூடி போட்டிருந்தான். நாங்கள் வந்ததைப் பார்த்தானா இல்லையா தெரியவில்லை. நான் வாசலில் நின்றேன். நீலமாகப் பொறி பறந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணத் திருப்புங்க மச்சான்!" என்று ஒரு கத்துக் கத்தினான்.

மூன்று வருடம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொட்டு மருந்தால் இருக்கலாம்.

ராடை வைத்துவிட்டு முகமூடியைத் தூக்கினான். மீசை நரைத்திருந்தது. நான் தட்டை நீட்டினேன். "மாப்ளை, அன்னிக்குப் பந்தியில நான்..." என்று ஆரம்பித்தேன். தட்டு ஆடியதில் பழம் உருண்டு, துண்டு விலகி, அடியில் இருந்த போர் பைப் துண்டு வெளியே தெரிந்தது. மயிலாத்தாள், "இத எதுக்குங்க கொண்டாந்தீங்க?" என்று தலையில் கை வைத்தாள்.

சென்னியப்பன் அதை எடுத்தான். வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுத்தியலால் மேலே ஒரு தட்டுத் தட்டினான். பாதி உதிர்ந்துவிட்டது.

"ஆரு போட்டது?"

"நான்தான்."

"இதப் போயி காக்கா எச்சம்னு சொல்ல முடியாதுங்க மச்சான்" என்றான்.

எனக்கு உயிர் வந்தது.

"காக்கா இதவிடச் சுத்தமாப் போவும்."

மயிலாத்தாள் சிரித்த சிரிப்பில் ரோட்டில் போனவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நானும் சிரித்தேன். சென்னியப்பன் பைப்பைக் கீழே வைத்தான், கையை லுங்கியில் இரண்டு தரம் துடைத்தான், இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டான். "என்ற தாரணிக் கண்ணு கல்யாணத்துக்கு நான் வராத இருப்பனா" என்றான்.

அப்புறம், "சோறு ஆக்கியிருக்குதாக்கா? அன்னிக்கு எலையை வுட்டுப்போட்டு வந்தது, இன்னம் பசிக்குது" என்றான்.

எங்களோடு வந்தவன் வீட்டு வாசலில் கேட்டைத் திறந்தான், மூடினான், கீழே குனிந்து என் கீலைப் பார்த்தான். நான் மூச்சுவிடாமல் நின்றேன். "இன்னைக்கே பெயிண்ட் அடிச்சுப்போடுங்க மச்சான். கல்யாணத்துக்கு வர்றவங்க பாத்தா நான் போட்டதுன்னு நெனச்சுக்குவாங்க" என்றான். மிஷினையும் எடுத்துப் பார்த்தான், எடை பார்த்தான், கேபிளை விரித்துப் பார்த்தான்.

இலை போட்டு மூவரும் உட்கார்ந்தோம். இல்லை, இருவர் உட்கார்ந்தோம், மயிலாத்தாள் நின்றுகொண்டே பரிமாறினாள், உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

"மிஷின் நல்ல மிஷினுங்க. நம்ம வோல்ட்டேஜுக்கு ஏத்தது. ஆரு சொல்லி வாங்குனீங்க?" என்று சென்னியப்பன் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டான்.

"யூடியூப்புல பாத்தோம் மாப்ளை."

"அப்படீங்களா? நல்லாச் சொல்றாங்களா?"

"எல்லாம் நல்லாத்தான் சொல்றாங்க. மொகமூடி வாங்கச் சொன்னத நான்தான் கேக்கல" என்றேன். "மயிலு, யூடியூப்புக்கு இன்னொரு கரண்டி சோறு போடு."

போட்டாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்து, எழும்போது இலையைத் தன் பக்கமாக மடித்தான்.